கடைசி நிறுத்தத்தில் ஓர் ஆறு

நோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவள் துணி மடிப்பதை விட்டுவிட்டாள்.

இதை முதலில் கவனித்தது, கூட வந்து தங்கிப் பார்த்துக்கொண்ட அவளுடைய அக்காதான். வேறு வீடாக இருந்தால் இது ஒரு விஷயமாகவே இருந்திருக்காது. ஆனால் அவள் பதினாறு வருடம் ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு தேய்த்தவள். சுடும் உருளைக்குள் ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் சூடாக வாங்கி, எதிரே நிற்பவளோடு முனைக்கு முனை சேர்த்து மடித்து அடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு விரிப்பு. அந்தக் கை வீட்டிலும் சும்மா இருக்காது. பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டோ கைக்குட்டையோ பழைய செய்தித்தாளோ, எது அகப்பட்டாலும் ஓரம் பார்த்து மடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஒரு கையில் மருந்து சொட்டிக்கொண்டிருக்க, இன்னொரு கையால் விரிப்பின் மூலையை உருவி ஒழுங்காகச் செருகியவள் அவள். "இவங்களுக்கெல்லாம் யாரு மூலை மடிக்கக் கத்துக்கொடுத்தாங்களோ" என்று நர்ஸின் காதுபடச் சொல்லுவாள்.

இப்போது துவைத்த துணி ஜன்னலோர நாற்காலியில் மலையாகக் கிடந்தது. வேண்டியதை உருவிக்கொண்டு மற்றதை அப்படியே விட்டார்கள். ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவே உட்கார்ந்து மடித்தாள். மடிப்பு கோணலும் மாணலுமாக இருந்தது. அவள் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். கோணல் என்றுகூடச் சொல்லாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அக்கா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதாள்.

ஓர் அறை, ஒரு சமையலறை, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல். அவ்வளவுதான் வீடு. கீழே சைக்கிள் கடை. நாள் முழுவதும் காற்றடிக்கும் பம்ப் இழுத்து இழுத்து மூச்சு விடும். அவளுடைய தலையில் முடி மறுபடி முளைத்திருந்தது, பூனைக்குட்டியின் முதுகு மாதிரி. நாக்குக்கு மட்டும் ருசி திரும்பவில்லை. கஞ்சி, ரொட்டி, அவித்த முட்டை, எதைக் கொடுத்தாலும் தகரத்தை நக்குவது மாதிரி இருக்கிறது என்று தள்ளி வைத்தாள். சலவைக்கூடத்திலிருந்து இரண்டு முறை ஆட்கள் வந்து, அவளுடைய இடம் அப்படியே இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். வந்தவர்களுக்கு அவள் தலையை ஆட்டினாள். வருகிறேன் என்பதா, போங்கள் என்பதா என்று அவர்களுக்குப் புரியவில்லை.

"நோய் போயிடுச்சுன்னு சொன்னாரு. போறப்ப என்னையும் கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு போல," என்று அக்காவிடம் ஒருமுறை சொன்னாள். சாதாரணமாக, தீப்பெட்டி காலியாகிவிட்டது என்று சொல்கிற மாதிரி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இந்த நோய் போன வழியிலேயே திரும்பி வரக்கூடியது. வருகிறபோதே பிடித்துவிட்டால் ஏதாவது செய்யலாம், விட்டுவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. முதல் ஸ்கேன் பதினேழாம் தேதி. அதற்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அவள் சொல்லிவிட்டாள், வரமாட்டேன் என்று. அக்கா கெஞ்சினாள், திட்டினாள், இரண்டு வேளை சாப்பிடாமல் இருந்தாள். அவள் அசையவில்லை.

அவளுடைய புருஷன் பஸ் டிரைவர். பத்தொன்பது வருடமாக ஒரே தடம். விடியற்காலை கிளம்பி ஆறு மணி நேரம் ஓட்டிக் கடைசி நிறுத்தத்தில் போடுவான். மறுநாள் காலை அங்கிருந்து எடுத்து மதியம் வீடு வருவான். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இப்படி. அந்தப் பத்தொன்பது வருடத்தில் அவள் ஒருதடவைகூட அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. டிப்போவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: டிரைவரின் வீட்டு ஆட்கள் அவன் ஓட்டுகிற வண்டியில் ஏறக்கூடாது. முன்னொரு காலத்தில் ஒருவன் பெண்டாட்டியைப் பின் சீட்டில் உட்காரவைத்துக்கொண்டு போனானாம். அடுப்பை அணைத்தாயா என்று கேட்கத் திரும்பினானாம். அதற்குமேல் அந்தக் கதையை யாரும் சொல்வதில்லை.

அவளும் அந்தத் தடத்தைப் பற்றி எதையும் கேட்டதில்லை. கேட்டது ஆஸ்பத்திரியில்தான்.

மூன்றாவது முறை மருந்து ஏற்றிய நாள். வாந்தி எடுத்து எடுத்து இனி எடுக்க ஒன்றுமில்லாமல் ஓய்ந்து கிடந்தாள். நகமெல்லாம் நாவற்பழம் கடித்த பல் மாதிரி கறுத்திருந்தது. அவன் ராத்திரி கடைசி நிறுத்தத்தில் படுத்துவிட்டு நேராக வண்டியை விட்டு இறங்கி வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, பேச ஒன்றும் கிடைக்காமல் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவள் கண்ணைத் திறக்காமலேயே கேட்டாள், கடைசி நிறுத்தம் எப்படி இருக்கும் என்று.

சிமெண்ட் கிடங்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அவளுடைய நகத்தைப் பார்த்தான்.

"ஆறு இருக்கு," என்றான்.

அவ்வளவுதான் சொன்னான். ஆனால் அடுத்த தடவை அவள் ஆற்றில் தண்ணீர் எவ்வளவு என்று கேட்டாள். இடுப்பளவு என்றான். அதற்கடுத்த தடவை படித்துறை இருக்கிறதா என்றாள். ஒன்பது படி என்றான். பிறகு, தண்ணீரை முகர்வது போலச் சாய்ந்த ஒரு மரம் வந்தது. பச்சைச் சாயம் உரிந்த ஒரு படகு வந்தது. டிரைவர்கள் படுக்க மாடியில் அறை, ஆற்றைப் பார்த்து ஜன்னல். கரையில் டீக்கடை வைத்திருக்கும் ஓர் அம்மா வந்தாள். அவள் ஒவ்வொரு தடவையும் "உன் வீட்டுக்காரி இப்ப எப்படி இருக்கா" என்று விசாரிப்பாள். முடி கொட்டிவிட்டது என்றதும் அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டாளாம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ஆறு மணி நேரமும் அவன் இதையேதான் யோசித்தான். ஒன்பது படி என்றது பிறகு பத்தாகிவிடக்கூடாதே என்று, பயணச் சீட்டின் முதுகில் எல்லாவற்றையும் குறித்து வைத்தான். படி 9. படகு பச்சை. டீ அம்மாவுக்கு ஒரு கண்ணில் பூ. பொய் சொல்வதற்குக்கூட டிப்போ ஒழுங்கு வேண்டியிருந்தது அவனுக்கு. சிலநாள் கடைசி வளைவைத் திருப்பும்போது, தன்னை மறந்து இடது பக்கம் தண்ணீர் தெரிகிறதா என்று பார்த்துமிருக்கிறான்.

குணமானதும் அங்கே கூட்டிப் போகிறேன் என்று சொல்லித்தான் அவளைப் பதினான்கு மாதம் ஓட்டினான். இப்போது குணமாகிவிட்டது.

முதலில், மழைக்காலம், கரையெல்லாம் சேறு என்றான். பிறகு அறைக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்றான். பிறகு டீக்கடை அம்மா மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாள், அவள் இல்லாமல் போய் என்ன பிரயோசனம் என்றான். மூன்றாவதைக் கேட்ட பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஸ்கேனுக்கு வரமாட்டேன் என்றது அதற்குப் பின்னால்தான்.

அக்காவுக்கு ஆற்றின் கதை அரைகுறையாகத் தெரியும், பொய் என்று தெரியாது. அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தம்பி, ஊர்ல இருக்கறவனையெல்லாம் ஏத்திட்டுப் போறீங்க. கட்டினவள ஒருநாள் ஏத்திட்டுப் போனா டயர் வெடிச்சிடுமா?"

"டிப்போ வழக்கம் அப்படிக்கா."

"லீவு போட்டுட்டு நீங்களும் பயணியா உக்காந்து வாங்க. இன்னொருத்தன் ஓட்டட்டும். அப்ப வழக்கம் கடிக்காதுல்ல?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "அவ கண்ணு வேற எங்கயோ இருக்கு தம்பி. ஏதாவது ஒண்ணக் காட்டி இழுங்க. எனக்குப் பயமா இருக்கு."

அவனுக்கும் பயமாகத்தான் இருந்தது, வேறு காரணத்தினால். அந்த ஆறு ஒன்றுதான் அவள் பிடித்துக்கொண்டிருக்கிற கம்பி, கூட்டிப் போனால் அதுவும் கையோடு வந்துவிடும் என்று நினைத்தான். இரண்டு நாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தான். ஆறு இந்த வருடம் வற்றிவிட்டது என்று சொல்லிவிடலாம். மரத்தை வெட்டிவிட்டார்கள். படகை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். பொய்யைப் பொய்யாலேயே அடக்கம் செய்துவிடலாம். அவன் இரண்டு நாள் லீவு எழுதிக் கொடுத்தான்.

விடியற்காலையில் ஏறினார்கள். பதினோரு வருடமாக அவன் ஓட்டிய அதே வண்டி. ஓட்டுகிற இடத்தில் வேறு ஆள். இவர்கள் ஏழாவது வரிசை, அவளுக்கு ஜன்னல். கண்டக்டருக்கு டிப்போவில் விசில் என்று பட்டப்பெயர். பதினைந்து வருடமாக விசிலை வாயில் வைக்காமல் தகரத்தைத் தட்டியே வண்டியை நிறுத்துகிறவன்.

"அண்ணே, கூட்டத்தோட கூட்டமா உக்காந்தா எப்படி இருக்கு? கால் ரெண்டும் அனாதையாயிடுச்சா?" என்றான் விசில். பிறகு அவளைப் பார்த்து, "அண்ணி, இவர் காலப் பாருங்க. நாப்பது பேருக்கும் சேர்த்து பிரேக் போடுறாரு," என்றான்.

உண்மைதான். ஒவ்வொரு வளைவிலும் அவனுடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் குனிந்து அந்தக் காலைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

முதல் இரண்டு மணி நேரம் அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வந்தாள். செங்கல் சூளைகள் போயின. ஒரு ரயில்வே கேட்டில் நின்றார்கள். மூன்றாவது மணி நேரத்தில் குமட்டல் வந்து கையில் வைத்திருந்த பையில் வாந்தி எடுத்தாள். அவன் முதுகைத் தடவினான். ரவிக்கைக்கு அடியில் முதுகெலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டது. திரும்பிவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்று கையாட்டினாள். வாயைக் கொப்பளித்துவிட்டு, எத்தனாவது வளைவில் தண்ணீர் தெரியும் என்று கேட்டாள். அவன் வற்றிப்போன கதையை ஆரம்பிக்க நினைத்தான். ஆனால் இன்னும் தூரம் இருக்கிறது என்றான்.

மதியத்துக்குச் சற்று முன்னால் வண்டி கடைசி வளைவைத் திருப்பி, பெரிய இரும்புக் கதவு தாண்டி, ஒரு வெட்டவெளியில் போய் நின்றது. இருந்த சிலபேர் இறங்கிப் போனார்கள். ஓட்டி வந்தவன் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு கிடங்கின் நிழலுக்குப் போனான். விசில் இவனுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, அந்த டிரைவரின் பின்னாலேயே போய்விட்டான்.

அவள் படியில் இறங்கி நின்று சுற்றிப் பார்த்தாள். நீளமான சிமெண்ட் கிடங்கு ஒன்று. மூட்டை ஏற்றும் லாரி இரண்டு. தரை, கூரை, ஒரு மூலையில் நின்ற முள்மரம், மரத்தடி நாய் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒரு குழாய். அதன் வாயில் சாக்கு சுற்றியிருந்தது. வெயில் தலையில் இறங்க, அவள் முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"ஆறு இந்த வருஷம் வத்திடுச்சு," என்றான் அவன்.

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிடங்கிலிருந்து சுவர் வரைக்கும், சுவரிலிருந்து ரோடு வரைக்கும் நிதானமாகப் பார்த்தாள்.

"ஆறு வத்தினா பள்ளம் இருக்கும்ல?"

அவன் தொப்பியைக் கழற்றினான்.

"படி ஒன்பது சொன்னீங்களே."

"இல்ல."

"படகு?"

"இல்ல."

"அந்தம்மா?" இதைக் கேட்கும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. "என் முடி கொட்டினதுக்கு டீ ஆத்தறத நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே."

"அப்படி யாரும் இல்லம்மா."

லாரியில் ஒரு மூட்டை தொப்பென்று விழுந்து புழுதி எழும்பியது. அவன், இதோ விழப்போகிறாள், பிடித்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு கையையும் தயாராக வைத்துக்கொண்டு நின்றான்.

"அப்ப எங்க படுத்தீங்க?"

அவன் வண்டியின் பக்கவாட்டுக்குப் போய், சாமான் போடும் டிக்கியின் கதவைத் தூக்கினான். பயணிகளின் பெட்டி, மூட்டை வைக்கிற இடம். ஓர் ஆள் நீட்டிப் படுக்கலாம், எழுந்து உட்கார முடியாது. டீசலும் அழுகின வெங்காயமும் கலந்து நாற்றம் வந்தது. உள்ளே மூலையில் ஒரு தார்ப்பாய், எண்ணெய்ப் பிசுக்கேறிய ஒரு தலையணை. எல்லாம் அவனுடையதுதான்.

அவள் குனிந்து பார்த்தாள். செருப்பைக் கழற்றி வெளியே விட்டாள். பிறகு ஒரு கையை ஊன்றி, மெதுவாக, உள்ளே போய்ப் படுத்தாள். அவன் வேண்டாம் வேண்டாம் என்றது அவள் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. முகத்துக்கு ஒரு முழம் மேலே தகரம். அதைப் பார்த்தபடி கிடந்தாள். அவன் வெளியே சிமெண்ட் புழுதியில் உட்கார்ந்தான். அங்கிருந்து அவளுடைய பாதம் இரண்டும் மட்டும் தெரிந்தன.

"கொசு கடிக்குமா?"

"கடிக்கும்."

"மழை பேஞ்சா?"

"கதவ இறக்கிக்குவேன். மூச்சு முட்டும். கொஞ்சம் தூக்கிவிட்டு ஒரு கல்லு வெச்சுக்குவேன்."

உள்ளிருந்தபடியே அவள் பேசினாள். கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அவனை அவள் நீ என்று சொன்னது அன்றைக்குத்தான்.

"ஆஸ்பத்திரில படுத்திருக்கறப்ப உன் மேல எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? நான் குடலக் கக்கிட்டுக் கிடக்கேன், இந்த மனுஷன் ஆத்துல முங்கி எந்திரிச்சு, காத்தாட மாடில படுத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்றான்னு. நீ பக்கத்துல குனியறப்ப மோந்து பாப்பேன், தண்ணி வாசம் வருதான்னு. டீசல்தான் அடிக்கும். நீ போனதும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்குவேன். நான் செத்தாலும் இவனுக்கு ஒரு ஆறு இருக்குன்னு."

"நீதான கேட்ட," என்றான் அவன். "திரும்பத் திரும்பக் கேட்டியேன்னுதான்."

"கேட்டேன். கேக்கலன்னா நீ பேசாம தொப்பியச் சுத்திட்டு உக்காந்திருப்ப. அப்படி உக்காந்தா நான் பொழைக்க மாட்டேன்னு எனக்குத் தெரிஞ்சுபோயிடும்."

நாய் எழுந்து வந்து அவளுடைய செருப்பை முகர்ந்துவிட்டுப் போனது.

"இந்தப் பொட்டிக்குள்ள கெடக்கேன், மூச்சு முட்டுது, கொசு புடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சரி, அங்க ஒருத்தன் இருக்கான், இங்க நான் இருக்கேன், ரெண்டு பேருமாத்தான் கெடக்கோம்னு இருந்திருப்பேன்ல."

பயணச் சீட்டின் முதுகில் குறித்து வைத்த எதிலும் இந்தப் பெட்டி இல்லை. சிமெண்ட் புழுதியில் விரலால் ஏதோ கிழித்துக்கொண்டிருந்தான். கண்ணீர் விழுந்த இடங்களில் புழுதி சின்னச் சின்னக் குழியாயிற்று.

உள்ளே தகரத்தில் ஏதோ உரசியது. அவள் பக்கவாட்டில் புரண்டு தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். சுருட்டி மூலையில் திணித்திருந்ததைப் பிரித்து, படுத்தவாறே கையை நீட்டி நீட்டி ஓரத்தோடு ஓரம் சேர்த்தாள். அந்த இடுக்கில் முழுதாக விரிக்க முடியவில்லை. ஒரு முனையை வெளியே தள்ளினாள்.

"அந்த மூலையப் பிடி."

அவன் பிடித்தான்.

"அது மூலையா? ஓரம். மூலையப் பிடி."

மடித்து முடித்துவிட்டு, அதைத் தலையணைக்கு அடியில் வைத்து, அவள் பின்பக்கமாக நகர்ந்து வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. தலைமுடியில் துரு. டிக்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். இந்த அளவு அசைந்ததற்கே உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. திரும்பி வீட்டுக்குப் போகிற வண்டி நாளைக் காலையில்தான், அதுவரை கிடங்கின் நிழலில் படுக்கலாம் என்று அவன் சொன்னான்.

இரும்புக் கதவுக்கு வெளியே ஒரு சின்ன வண்டி நின்றுகொண்டிருந்தது. முன்னால் எழுதியிருந்த ஊர்ப்பெயர் சிமெண்டில் மறைந்துவிட்டது. கிடங்கில் காலை வேலை முடிந்த பெண்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவள் அதைப் பார்த்தாள்.

"அது எங்க போகுது?"

"தெரியல," என்றான் அவன். பத்தொன்பது வருடமாக அதைப் பார்த்திருக்கிறான். ஒருநாளும் கேட்டதில்லை. அவனுக்கு ரோடு இங்கே முடிந்துவிடும்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். படியில் கால் வைத்திருந்த ஒருத்தியிடம் அதையே கேட்டாள். "மேல போகுது," என்றாள் அவள். மேலே என்ன இருக்கிறது என்றதற்கு, "என்ன இருக்கும்? நாங்க இருக்கோம்," என்றாள். மற்ற பெண்கள் சிரித்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள்.

அவன் பின்னாலேயே வந்து முழங்கையைத் தொட்டான்.

"அங்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதும்மா. நெசமாவே தெரியாது. தங்க எடம் இருக்குமா, ஒண்ணும் தெரியாது. உன்னால முடியாது."

"ஸ்கேன் என்னைக்கு?"

"பதினேழு."

"அதுக்குள்ள திரும்பிடலாமா?"

அவன் அவளைப் பார்த்தான். கறுப்பு இன்னும் முழுதாகப் போகாத நகத்தால் அவள் வண்டியின் கம்பியைப் பிடித்திருந்தாள்.

"திரும்பிடலாம்," என்றான்.

விசில் தூரத்திலிருந்து, அண்ணே, எங்கே போகிறீர்கள் என்று கத்தினான். அவனுக்குக் கையைக் காட்டிவிட்டு ஏறினார்கள். அவள் ஜன்னலோரம், அவன் பக்கத்தில். பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். வண்டி கிளம்பி, கிடங்கின் சுவர் முடிந்ததும் ரோடு சட்டென்று ஏறத் தொடங்கியது. இரண்டு பக்கமும் வெறும் கட்டாந்தரை. தண்ணீர் இருப்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. வலி எங்கோ இழுத்ததோ என்னவோ, அவள் ஒருமுறை கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள்.

மேலே ஏதோ தெரிகிற மாதிரி இருக்கிறது என்று சொல்ல அவன் வாயெடுத்தான்.

"எதையும் சொல்லாத. நானே பாத்துக்கறேன்."

முதல் வளைவு வந்தது. அதன் அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. அவள் குனியாமல், ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல், தன் பாதத்தைத் தூக்கி அவன் பாதத்தின் மேல் வைத்தாள்.